சாய்ந்து நின்ற படிகம்

ஆய்வுக்கூடத்தின் கடுங்குளிரில் ஒரு படிகமும் அதைப் பிடித்திருந்த இடுக்கியும் பேசிக்கொண்டிருந்தன. மின்சாரம் தன்னுள் தடையே இல்லாமல் ஓடவேண்டும், இன்றும் ஓடாவிட்டால் குப்பைக்குத்தான் போகவேண்டும் என்று படிகத்துக்குத் தெரியும்.

"எல்லாம் இந்த எலக்ட்ரான்களாலதான் அண்ணே," என்றது படிகம். "பக்கத்துப் படிகத்துல இதே குளிருக்கு ஜோடி ஜோடியா, தடையில்லாம ஓடுதுங்க. என்னோடதுங்க ரேஷன் கடையில நிக்கிற மாதிரி வரிசை கட்டி நிக்குதுங்க. நான் திட்டாத நாளில்ல. சுத்த சோம்பேறிங்க."

"கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கோ தம்பி."

இடுக்கி பக்கவாட்டில் லேசாக அழுத்தியது. படிகம் நகர்ந்தது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது.

வரிசைகள் கலைந்தன. எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, எதிலும் முட்டாமல், பாய்ந்து ஓடின.

படிகம் தன்னுள்ளே உற்றுப் பார்த்தது. "அதுங்களை என்ன பண்ணீங்க?"

"அதுங்களை நான் தொடவே இல்லையே. நீதான் ஒரு பக்கமா சாய்ஞ்சு நின்னே. அதைத்தான் நிமிர்த்தினேன்."

"எப்பலேர்ந்து சாய்ஞ்சிருந்தேன்?"

"பொறந்ததுலேர்ந்து."

மின்தடை பூஜ்யமானதைப் பார்த்து வெளியே யாரோ கைதட்டினார்கள். படிகத்துக்கு அது கேட்கவில்லை.

"அண்ணே," என்றது படிகம், "பிடியை மட்டும் விட்டுடாதீங்க."