ஏழாம் நம்பர் கடை

“அக்கா, உசுரு முக்கியமா, கடை முக்கியமா? நீங்களே சொல்லுங்க!”

கேளுங்கள் தோழர்களே, இந்தக் கேள்வியை! இதைக் கேட்டபடி, களைத்துப்போய் ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்திருக்கும் அநியாயத்தையும் வந்து பாருங்கள்.

கேட்டவர் ஜெரோம். திண்டுக்கல்லில் பழைய அரசு வணிக வளாகத்தை இடித்து, அரசோடு கூட்டாகப் புதிது கட்ட ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் மேலாளர்; போன வாரம்தான் பொறுப்பேற்றவர். ‘கட்டடம் எந்நேரமும் விழும்’ என்று கடைக்காரர்களை வெளியேற்றி ஓராண்டாகிறது. அன்று முதல், அவர்களில் ஒருவரான இந்தச் செபாஸ்தியம்மாளின் தையல் மெஷின் நடைபாதையில்தான்.

“வேலைய எப்பத் தம்பி தொடங்குவீங்க?”

“அனுமதி வரணும்க்கா.”

“உங்களுக்கு முந்தி இருந்தவரும் இதையேதான் சொன்னாரு. அப்ப ஆபீசு மதுரை ரோட்டுல. இப்ப ஆபீசு நகர்ந்துருச்சு, அனுமதிதான் நகரல.”

ஜெரோம் சிரித்துவிட்டார். “புது இடத்தைத் தேடி ரொம்ப அலைஞ்சீங்களோ?”

“இல்ல தம்பி. காலு தானா கொண்டாந்து விட்டுருச்சு.”

செபாஸ்தியம்மாளின் குரல் தேய்ந்தது. “நேத்து மழையில, சர்ச்சுல புதுநன்மை வாங்குற பிள்ளைகளுக்குத் தைச்ச வெள்ளை உடுப்பு அம்புட்டும் சேறாப் போச்சு. பிள்ளைகளோட அம்மாமாருக்கு என்ன பதில் சொல்றது? கட்டுற வரைக்கும் என் பழைய கடையிலேயே ஒரு ஓரமா உக்காந்துக்கிறேனே?”

“ஐயையோ! கூரை தலையில விழுந்தா யாரு பொறுப்பு? உங்க உசுரக் காப்பாத்தத்தானேக்கா இம்புட்டும் செய்யிறோம்!”

செபாஸ்தியம்மாள் அண்ணாந்து பார்த்தார். கூரையை மறைத்த புது வெள்ளைப் பலகைகள் பளபளத்தன.

பட்டென்று மின்சாரம் போனது. ஏ.சி. அடங்கியது. வியர்த்துப்போன ஜெரோம் திரைச்சீலையை விலக்கி ஜன்னலை இழுத்தார். இழுத்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

செபாஸ்தியம்மாள் அலுப்போடு எழுந்தார். கீழ்ச்சட்டத்தில் கை முட்டியால் ஒரு குத்து. ஜன்னல் திறந்துகொண்டது.

“எப்படிக்கா?”

“கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து இந்த ஜன்னல் வெளிச்சத்துலதான் தம்பி தைச்சேன். இதுதான் என் ஏழாம் நம்பர் கடை. ஆமா, உங்க உசுரு முக்கியமில்லையா?”

ஜெரோமின் பார்வை தானாகக் கூரைக்குப் போயிற்று.

தோழர்களே, ‘அபாயக் கட்டடம்’ என்று உங்கள் ஊரிலும் எளியவர்களை வெளியேற்றினால் கலைந்து போகாதீர்கள். திரும்பி வந்து கதவைத் தட்டுங்கள், உள்ளே வீற்றிருப்பவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள்!