ப்ளே

“எண்ணெய் விட்ட மாரி ஓடுதா இல்லியா?”

புது டிவியை வாங்கி வந்த அன்று அத்தானின் தம்பி செல்வின், அக்காள் வீட்டோடு இருக்கிற அவளிடம் கேட்டது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தாள்.

ஓடத்தான் செய்தது. பழைய டிவியில் தத்தித் தத்திப் போன வீடியோ கேம் கார் இதில் வழுக்கிக்கொண்டு போனது.

போய், தென்னை மரங்கள் நிற்கிற வளைவில் சுவரில் முட்டியது.

தினமும் முட்டியது.

அத்தான் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிறது. கியர் போடுகிற இடது கை தேறுகிறதா என்று பார்க்க அவருக்கு அந்த கேம்தான் அளவுகோல். பழைய டிவியில் அந்த வளைவைத் தாண்டிவிட்டார். அன்றைக்கு அக்காள் கேசரி கிண்டினாள்.

புதியதில் ஒருநாளும் தாண்டவில்லை.

கை மறுபடியும் போய்விட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டார். இன்று பதினோரு மணிக்கு டிப்போவுக்குப் போய், இனி பஸ் ஓட்ட முடியாது, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்கப்போவதாகக் காலையில் அக்காளிடம் சொன்னார். அக்காள் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு கருகியது.

அவர் குளிக்கப் போனார்.

அவள் கேம் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். அத்தான் இருக்கும்போது சத்தமாகத் தும்மக்கூட மாட்டாள்.

கார் வழுக்கியது. தென்னை மரங்கள். கன்ட்ரோலர் குமிழை இடது கட்டைவிரலால் தள்ளினாள்.

முட்டினாள்.

தன் கையைப் பார்த்தாள். நல்ல கைதான்.

மறுபடியும். இந்த முறை விரலைத் தள்ளிவிட்டுக் காரையே கவனித்தாள். விரல் போய், ஒரு கண்சிமிட்டல் கழித்துத்தான் கார் திரும்பியது.

செட்டிங்கில் தேடினாள். மோஷன் என்று ஒரு வரி. கீழே பொடி எழுத்தில் விளக்கம். படம் வழுக்கிப் போவதற்காக, இரண்டு படங்களுக்கு நடுவே டிவியே ஒன்றை இட்டுக்கட்டிச் செருகுமாம்.

இட்டுக்கட்ட நேரம் வேண்டாமா.

அந்த மோஷனை அணைத்தாள்.

கார் தத்தியது. பார்க்க நன்றாகவே இல்லை. ஆனால் விரலோடு திரும்பியது.

பின்னால் சோப்பு வாசனை. அத்தான் ஈரத் துண்டோடு நின்றிருந்தார். டிவி கெட்டுப்போயிற்றா என்று கேட்டார்.

ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் சக்கரம் சற்றுப் பொறுத்துத் திரும்பினால், ப்ளே இருக்கிறது என்பார்கள் டிரைவர்கள். டிப்போ பஸ்களை அத்தான் திட்டுகிற வார்த்தை. அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நானும் அங்கனதான் முட்டுனேன், அத்தான். ப்ளே கையில இல்ல. டிவியில.”

அவர் உட்கார்ந்தார்.

தென்னை மரங்கள் தத்தித் தத்தி வந்தன.

போயின.

இரண்டாம் சுற்றில் லேசாக உரசியது. மூன்றாம் சுற்றில் அதுவும் இல்லை.

மணி பத்தே முக்கால்.

உள்ளே போய் பேன்ட் மாட்டிக்கொண்டு, திறந்த சட்டையோடு வந்தார். வழக்கம்போல அக்காள் பட்டன் போடக் கிட்டே வந்தாள். வேண்டாமென்று தலையசைத்தார்.

இடது கையாலேயே போட்டார். ஒவ்வொன்றாக. மேல் பட்டன் துளையைத் தேடியது. நழுவியது. மறுபடியும் தேடியது.

யாரும் உதவிக்குப் போகவில்லை.

போட்டு முடித்ததும், “வேற வேலை வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் டைம் கேக்கேன்” என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.