அரசாங்கக் கூரை

“இப்பல்லாம் வயசானவன் கூப்பிட்டா எவன் நிமிந்து பாக்குறான்? எல்லாப் பயலும் போனைத் தடவிக்கிட்டே கெடக்கான். தடவுனா அது என்ன முட்டையா இடப்போவுது?”

ஆட்டோ ஓட்டும் தங்கப்பன் அவசரமாகப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். “கோவிச்சுக்காதீங்க பெரியவரே. வண்டி இதுக்கு மேல போவாது. முட்டிக்குத் தண்ணி நிக்குது.”

இஞ்ஞாசி வெளியே எட்டிப் பார்த்தார். மழை விட்டபாடில்லை. எதிரே மேரி. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தை அவர் அப்படித்தான் சொல்வார். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போயும் அந்தச் சொல் அவர் வாயை விட்டு இறங்கவில்லை. வாசல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர் கிடந்தது.

பக்கத்தில் அவர் மனைவி சலோமி ஊன்றுகோலை இறுகப் பிடித்திருந்தாள். போன ஐப்பசியில் இதே வாசலில் பாசி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். இன்றைக்கு அவள் கைரேகை வைக்காவிட்டால் முதியோர் பென்ஷன் நின்றுவிடும்.

“நான் எறங்க மாட்டேங்க. இன்னொரு தடவ விழுந்தா நேரா கல்லறைதான்.”

“நீ எறங்க வேணாம். மெஷினை இங்க கொண்டாரச் சொல்றேன், இரு.”

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஓர் இளம் பெண் அதிகாரி. சேலத்துப் பக்கமிருந்து வந்தவர். பலகையில் ‘தமிழ்மொழி’ என்று பெயர் போட்டிருந்தது. மரியாதையாகத்தான் பேசினார்.

“மெஷினை வெளிய கொண்டுபோகக் கூடாதுங்க ஐயா. அரசாங்கக் கூரைக்குக் கீழ வச்சுத்தான் கைரேகை எடுக்கணும். ரூல் அப்படி.”

“அப்ப வாசல்ல ஒரு அரசாங்கக் கூரை போட வேண்டியதுதானே?”

“ஃபைல் புதுச்சேரிக்குப் போயிருக்குங்க.”

“போயி ஒரு வருஷம் ஆச்சு. வழியில கடலூர்லயே எறங்கிடுச்சா?”

“பராமரிப்புத் தலைப்புல பணம் இல்லீங்க ஐயா. அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்.”

“மாதா கெபிக்கு மட்டும் பணம் எங்கேர்ந்து வந்துச்சு?”

கடற்கரைச் சாலையோரம் குகை மாதிரி கட்டி, மாதா சிலை வைத்திருக்கும் கெபியைத்தான் சொன்னார். போன மார்ச் மாதம் அங்கே கூரை வந்தது, தரைக்கு வழவழவென்று கிரானைட் வந்தது, கப்பலுக்கு வழி காட்டுகிற உயரத்தில் விளக்கும் வந்தது.

“அது ஆன்மிகச் சுற்றுலாத் தலைப்பு. அதுல இருக்குறத எடுத்து இதுல செலவு பண்ண முடியாதுங்க. மார்ச்சுக்குள்ள முடிக்கலைன்னா பணம் திரும்பிப் போயிடும்.”

“தலைப்பு தலைப்புங்குறீங்க. நனையிறது எங்க தலை!” இஞ்ஞாசி குரலை உயர்த்தினார். “மாதாவுக்குச் செஞ்சதை நான் குத்தம் சொல்லலம்மா. நானும் ஞானஸ்நானம் வாங்குனவன்தான். ஆனா அவ சுரூபமா நிக்கிறா. நனைஞ்சா சளி பிடிக்காது. பென்ஷனுக்கு வரிசையில நிக்க வேணாம். என் பொண்டாட்டி நிக்கணுமே!”

“மக்கள் கேட்டதைத்தான் ஐயா செஞ்சோம்.”

“எந்த மக்கள்?”

“பட்ஜெட்டுக்கு முன்னாடி கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டோமே.”

“நானுந்தான் வந்தேன். ஆறிப்போன வடையும் டீயும் குடுத்தீங்க. மைக்கைப் பிடிச்சுத் தொண்ட கிழியக் கத்துனேன். எல்லாரும் நல்லா மண்டைய ஆட்டுனீங்க. ஒருத்தர் காதுலயாவது ஏறுச்சா? எவனோ ஒரு கட்சிக்காரன், காண்ட்ராக்டருக்கு வேலை புடிச்சுக் குடுக்க, கெபிக்குச் செய்யச் சொல்லி ஓதியிருக்கான். அவன் பேரைச் சொல்லுங்க. இந்தக் குடையாலயே...”

குடையை ஓங்கினார். அதிலிருந்த மழைத்தண்ணீர் மேஜை முழுக்கத் தெறித்தது.

தமிழ்மொழி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓங்கிய குடையையும் அதைப் பிடித்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட, நீங்களா! அப்ப தலையில துண்டு கட்டியிருந்தீங்க, அதான் அடையாளம் தெரியல. கேட்டது நீங்கதாங்க ஐயா!”

“நானா?”

“இதே மாதிரி குடையை ஆட்டி ஆட்டித்தான் சொன்னீங்க. ‘மொதல்ல மேரிக்கு ஒரு கூரை போடுங்க. மேரி வாசல்ல நல்ல கல்லா பதிங்க. பொழுது சாஞ்சா மேரி இருட்டுல கெடக்கு, ஒரு வெளக்கு வைங்க’ன்னு. வேற யாரும் எதுவும் கேக்கல. இந்த வயசுல இப்படி ஒரு பக்தியான்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

இஞ்ஞாசி குடையை விரித்தார்.

“அப்ப மெஷினைத் தூக்கிக்கிட்டு கெபிக்கே வந்துடுங்க. அதுவும் அரசாங்கக் கூரைதானே!”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஆட்டோவைப் பார்த்து நடந்தார். “மாதாவை எவனாவது மேரிம்பானா? அந்தப் பொண்ணு நல்லாத்தான் கதை விடுது. இதுல எவனோ கமிஷன் அடிச்சிருக்கான்!”