லூர்து உடனே வெளியே வரவும்

பசியே எடுக்கக் கூடாது என்று பூதத்திடம் கேட்டவனின் குடல், வயிற்றைக் கிழித்துக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தபோது, திரையின் அடியில் அந்த ஸ்லைடு விழுந்தது.

லூர்து உடனே வெளியே வரவும்.

மசி பூசிய கண்ணாடியில் ஊசியால் கீறிய கோணல் எழுத்து. குடல் அதன் மேலேயே ஊர்ந்து போனது.

செல்போன் எல்லாம் அப்போது கட்டப்பஞ்சாயத்து அண்ணன்கள் கையில்தான் இருந்தது. மற்றவர்களைத் தியேட்டரிலிருந்து அழைக்க ஸ்லைடுதான். அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணத்துக்கு அழைக்க யாரும் ஸ்லைடு போடுவதில்லை.

லூர்துவின் வாயில் பாதி மென்ற வேர்க்கடலை அப்படியே நின்றது.

காலையிலிருந்து அவன் மனைவி ஜானட் பிரசவ வார்டில் இருக்கிறாள். ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள். வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்த மருமகனை மாமியார் ஹில்டாதான் விரட்டிவிட்டாள்.

"இங்க நின்னுகினு என் கால மிதிக்காத. எங்கனா போய் உக்காரு. நல்ல சேதின்னா நானே சக்கரையோட வருவேன். வேற எதுனான்னா ஆள் அனுப்பறேன்."

தியேட்டரில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தான். ஃபேன் இருக்கும், உட்கார இடம் இருக்கும். ஆசைகளை நிறைவேற்றும் பூதத்தைப் பற்றிய இங்கிலீஷ் படம், தமிழில். அந்தப் பூதம் யாரையும் ஏமாற்றாது. கேட்டதைக் கொடுக்கும், கேட்ட மாதிரியே கொடுக்கும், அதுதான் அதன் கெட்ட குணம். மகள் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்ட ஒருத்தியை மகளோடு சேர்த்துத் தைத்துவிட்டிருந்தது.

லூர்து எழுந்தான்.

முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். தூணோரம் இன்னொருவர். ராயபுரத்தில் லூர்து என்று மட்டும் எழுதினால் இப்படித்தான் ஆகும். பாதிப் பேருக்கு அந்தப் பெயர், மீதிப் பேருக்கு அந்தப் பெயரில் ஒரு மச்சான்.

மூன்று பேரும் இருட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற இருவர் முகத்தில்தான் சாவுக்களை தெரிகிறதா என்று ஒவ்வொருவரும் தேடினார்கள்.

திரையில் இப்போது பூதத்தின் முகம் மட்டும். பல் ஒவ்வொன்றும் ஒரு திசை. பேச்சு மட்டும் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்தம்.

"மானிடனே, உன் விருப்பத்தைக் கூறு."

"ஒரு கோட்டரு, ரெண்டு அவிச்ச முட்டை, நைனா" என்று முன்னாலிருந்து ஒரு குரல். தியேட்டர் சிரித்தது.

லூர்து சிரிக்கவில்லை. அது தன்னையே பார்ப்பது போலிருந்தது. நானா இருக்கக் கூடாது என்றான், உதடு அசையாமல்.

"அவ்வாறே ஆகட்டும்" என்றது பூதம், படத்தில் வேறு யாருக்கோ.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டோக்காரர், இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தார்.

"காசிமேட்டு லூர்து யாருப்பா? ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு அம்மா அழுதுகினே சொல்லி அனுப்பிச்சி. கையோட இட்டாரணுமாம்."

முதல் லூர்து எண்ணூர்க்காரர். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "நம்ம ஏரியா இல்ல மாமு, படம் பூடும்" என்று உள்ளே ஓடினார்.

மிச்சம் இரண்டு பேர். இரண்டு பேரும் காசிமேடு.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் தெரிந்துவிடும். அந்த அம்மா குட்டையா, கண்ணாடி போட்டிருந்தாளா என்று கேட்டாலும் தெரிந்துவிடும். அதனால்தான் லூர்து கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் ஜானட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு லூர்து பெரியவர். வெளுத்த சட்டை, மேல் பட்டன் இல்லை. அவரும் ஒன்றும் கேட்காமல் நின்றார்.

ஆட்டோக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பெருசு, யார்னா ஒர்த்தர் ஏறுங்க. அங்க டைம் இல்ல."

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"அழுதுகினேவா சொல்லிச்சி?"

"ஆமா. தேம்பித் தேம்பி."

"அப்ப எனக்குத்தாம்பா."

தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டு, ஸ்டூடியோவில் ஃபோட்டோவுக்கு உட்காருகிறவர் மாதிரி முதுகை நிமிர்த்தி ஆட்டோவில் ஏறினார். முகத்தில் லேசாக ஒரு பெருமைகூட இருந்தது.

ஆட்டோ, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் ஓரமாக ஊர்ந்தது. கொஞ்ச நேரம் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு இல்லை.

லூர்து உள்ளே போய், இருட்டில் தன் சீட்டைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தான். ஸ்லைடை எடுத்துவிட்டார்கள். பூதம் ஒரு வக்கீலின் தோலை உரித்துக்கொண்டிருந்தது, நனைந்த சட்டையைக் கழற்றுகிற நிதானத்தில்.

பெரியவரை அவனுக்குத் தெரியும்.

போன தவக்காலத்தில் அவர் சம்சாரம் செத்தபோது பெட்டியைத் தூக்க மூன்று பேர்தான் தேறினார்கள். தெருவில் வந்த ஓர் ஆளின் கையைப் பிடித்து, "எனக்குன்னு இருந்தது இவ ஒருத்திதான் தம்பி, கொஞ்சம் தோள் குடு" என்று கேட்டார்.

கல்லறை வரைக்கும் அந்த நாலாவது மூலையைச் சுமந்தவன் லூர்து.