கடப்பாக்கல்லில் ஒரு பாதம்

குளித்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிய ஜெசிந்தா அன்றைக்கே லாரியில் அடிபட்டுச் செத்துப்போனாள். குளியலறை வாசலின் கறுப்புக் கடப்பாக்கல்லில் அவளுடைய ஈரப்பாதம் மட்டும் வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்களின் கால்பட்டுச் சுண்டுவிரல் அழிந்துவிட்டது. மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவதென்று அப்பா சூசைக்குத் தெரியவில்லை.

“இந்த ஊர்த் தண்ணி வீட்டுக்கே வெள்ளையடிக்கும் போல. ஆசிட் ஊத்துனா பளிச்சுனு போயிரும்ணே,” என்று வாளியோடு வந்தாள் அவர் தங்கை லூர்து.

“தொட்டே, கைய முறிச்சிருவேன்!”

அவள் அழுதுகொண்டே போனாள். சூசை குழாயைப் பார்த்தார். சொட்டிச் சொட்டிக் காய்ந்து, அதன் மூக்கில் சுண்ணாம்பு விரல்தண்டி வளர்ந்திருந்தது. தண்ணீர் உலர்ந்துவிடும், சுண்ணாம்பு தங்கிவிடும். தங்கியது லேசில் கரையாது. குழாய்த் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு, தடத்தின்மேல் மட்டும் ஒற்றி, காயவிட்டு, மறுபடி ஒற்ற வேண்டும். பாதம் கொஞ்சங்கொஞ்சமாய் வளரும்.