எங்கே சேர்வது?

உள்ளூரில் வரலாறு, தூரத்து ஊரில் தத்துவம். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் மகளுக்கு எம்.ஏ. இடம் கிடைத்தது. அவள் தத்துவத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

“அவ்வளவு தூரம் போய் அப்படி என்னடி படிக்கப் போறே?” என்றாள் அம்மா.

“செத்த பிறகு என்ன ஆகும்னு ஒரு பாடம் இருக்கும்மா.”

“வாயைக் கழுவு! பஸ்ஸை விட்டு இறங்கினதும் போன் பண்ணு.”

மறுநாள் காலையில் போன் வந்தது.

“அம்மா, போய்ச் சேர்ந்துட்டேன்.”

“அடியே, எம்.ஏ. படிக்கிறவ பேசற பேச்சா இது? வந்து சேர்ந்துட்டேன்னு சொல்லு!”

“இல்லம்மா, சரியாத்தான் சொல்றேன்.”

லைன் அறுந்தது.

வாசலில் அப்பா ஒரு போலீஸ்காரரோடு நின்றிருந்தார்.

“ராத்திரியே பஸ் பாலத்துலேருந்து விழுந்துடுச்சாம். நம்ம பொண்ணு…”



“போய்ச் சேர்ந்துட்டா,” என்று அம்மா முடித்தாள். “இப்பத்தான் சொன்னா.”