இருவாச்சிப் பாடம்

படித்தது புரிந்தால் அவரவர் வாசிப்புப் பலகையில் பச்சை எரியும். மூன்று முறை சிவப்பு எரிந்தால் கீழ்வகுப்புக்குப் போக வேண்டும். இருவாச்சிப் பறவை பாடத்தில் பனிமலருக்கு மட்டும் மூன்றாவது சிவப்பு.

“போயிட்டு வா, பாப்பா!” கடைசி பெஞ்ச் சிரித்தது.

“என்னம்மா புரியல?” என்றார் எஸ்தர் டீச்சர்.

“மரப்பொந்துக்குள்ள அம்மாவும் குஞ்சும் அடைஞ்சு கிடக்கும், அப்பாதான் பழம் கொண்டு வரும், அது செத்துட்டா எல்லாம் பட்டினிதான்னு போட்டிருக்கு. பக்கத்து மரத்துப் பறவை ஒரு பழம்கூடக் குடுக்காதா, டீச்சர்?”

எஸ்தர் பாடத்தை மறுபடி வாசித்தார். அதுவும் கர்த்தர் படைத்த பறவைதானே, கொடுக்காதா? அவருக்குத் தெரியவில்லை. இருபது வருடமாகப் பச்சையே எரிந்த அவருடைய பலகை சிவந்தது.

குழப்பத்தோடேயே பனிமலரின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“வா கண்ணு, ரெண்டு பேரும் கீழ்வகுப்புக்குப் போவோம்.”